சந்தக்ஃபூ – ஃபாலுட் மலைப்பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மாவட்டத்தில், இந்திய–நேபாள எல்லையாக நீளும் சிங்கலிலா மலைத்தொடரின் முகட்டிலேயே போகிற பாதை இது. இமயமலையில் முதல் தடவையாக நடக்கப் போகிறேன், எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் தயங்காமல் சொல்வது இந்தப் பாதையைத்தான். சொன்னதும் அவர்கள் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அங்கே அப்படி என்ன விசேஷம்?

உலகின் மிக உயரமான ஐந்து சிகரங்களில் நான்கை, இந்தப் பாதையின் உச்சியான சந்தக்ஃபூவில் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். எவரெஸ்ட் (8,849 மீட்டர்), கஞ்சன்ஜங்கா (8,586), லோட்சே (8,516), மகாலு (8,485). ஐந்தில் விட்டுப்போவது காரகோரத்தில் இருக்கும் கே2 மட்டும்தான். இதற்குக் கயிறு வேண்டாம், பனிக்கோடரி வேண்டாம், மலையேற்றப் பயிற்சி வகுப்பும் வேண்டாம். தினமும் ஐந்தாறு மணி நேரம் நடக்கத் தெம்பு இருந்தால் போதும்.

சந்தக்ஃபூவின் உயரம் 3,636 மீட்டர். மேற்கு வங்கத்திலேயே உயரமான இடம் அதுதான். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர், தென்னிந்தியாவின் உச்சியான ஆனைமுடி 2,695 மீட்டர். இந்தப் பாதையில் முதல் நாள் சாயங்காலம் நீங்கள் பையை இறக்கி வைக்கும் தும்லிங் கிராமமே அந்த இரண்டையும் விட உயரத்தில் இருக்கிறது.

எந்தச் சிகரம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வடக்கே திரும்பி நில்லுங்கள். நேர் எதிரே, கொஞ்சம் வலப்பக்கமாக, வானத்தை அடைத்துக்கொண்டு நிற்பது கஞ்சன்ஜங்காக் கூட்டம். அதைப் பார்க்க யாரும் கை காட்ட வேண்டியதில்லை. கூட்டம் என்று சொல்லக் காரணம், அது ஒற்றைச் சிகரம் அல்ல. இடது ஓரத்தில் செங்குத்தாக எழுவது கும்பகர்ணா. மலையேறுபவர்கள் அதை ஜன்னு என்பார்கள், 7,710 மீட்டர். நடுவில் கப்ரூவும் அதற்குப் பின்னால் கஞ்சன்ஜங்காவும். வலது ஓரத்தில் கூம்பாக நிற்பது பாண்டிம், 6,691 மீட்டர்.

இந்த வரிசை முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஒருவர் மல்லாந்து படுத்திருப்பது தெரியும். அதைத்தான் 'உறங்கும் புத்தர்' என்கிறார்கள். கும்பகர்ணா முகம், கப்ரூவும் கஞ்சன்ஜங்காவும் உடல், பாண்டிம் பாதம். முதலில் நெற்றியையும் மூக்கையும் தேடுங்கள். அது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாகத் தெரியும். அப்புறம் அதை வெறும் மலைவரிசையாகப் பார்க்க உங்களால் முடியாது.

இனி இடப்பக்கம், வடமேற்காகத் திரும்புங்கள். தூரத்தில், ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல மூன்று சிகரங்கள். இடமிருந்து வலமாக லோட்சே, எவரெஸ்ட், மகாலு. மூன்றிலும் பெரிதாக, முன்னால் நிற்கிற ஒன்றை எல்லோரும் எவரெஸ்ட் என்று நினைத்துப் படம் எடுப்பார்கள். அது மகாலு. அதன் இடப்பக்கத் தோளுக்குப் பின்னால், கரிய முக்கோணமாகக் கொஞ்சமே தலைகாட்டுவதுதான் எவரெஸ்ட்.

காற்று மிகத் தெளிவாக இருக்கும் நாளில் வடகிழக்கே பூட்டான் எல்லையில் உள்ள சோமோல்ஹாரியும் தெரியும்.

எவரெஸ்ட் ஏன் அவ்வளவு சின்னதாகத் தெரிகிறது?

தூரம்தான் காரணம். சந்தக்ஃபூவிலிருந்து நேர்க்கோட்டில் கஞ்சன்ஜங்கா ஏறக்குறைய 70 கிலோமீட்டர். மகாலு ஏறக்குறைய 125. எவரெஸ்ட் 140 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு தொலைவில் பூமியின் வளைவும் கணக்கில் வந்துவிடும். எவரெஸ்டின் உயரத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் மேலான பகுதி அந்த வளைவிலேயே பார்வைக்குத் தாழ்ந்துபோகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அடிவானத்திலிருந்து எவரெஸ்ட் எழும் அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக எழுகிறது கஞ்சன்ஜங்கா.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கஞ்சன்ஜங்காதான் உலகிலேயே உயரமான மலை என்று கருதினார்கள். சந்தக்ஃபூவில் நின்று பார்ப்பவருக்கு அது நியாயமாகவே படும். எவரெஸ்டைப் பார்க்கத்தான் கிளம்புவார்கள், கஞ்சன்ஜங்காவைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இறங்குவார்கள்.

எத்தனை நாள், எந்த வழி?

முழுப் பாதைக்கு ஆறு நாள் நடை வைத்துக்கொள்ளுங்கள். வானிலைக்காகக் கூடுதலாக ஒரு நாள் கையில் இருக்கட்டும்.

நடை தொடங்குவது மானேபஞ்சன் என்ற சின்னக் கடைத்தெரு ஊரில். தெருவின் ஒரு பக்கம் இந்தியா, எதிர்ப்பக்கம் நேபாளம். அங்கிருந்து சித்ரே வரை எடுத்த எடுப்பிலேயே செங்குத்து ஏற்றம். எல்லோருக்கும் மூச்சு வாங்கும், அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். சித்ரேயில் ஒரு புத்த மடமும் தேநீர்க்கடைகளும் உண்டு. அதன்பின் புல்வெளி, மேகம் விலகாத மேக்மா, அப்புறம் டோங்லு அல்லது தும்லிங். முதல் நாள் இரவு அங்கேதான். தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் 1848இல் செடிகள் சேகரிக்க வந்து ஏறியது இந்த டோங்லுவுக்குத்தான்.

இரண்டாம் நாள் கஷ்டப்பட்டு ஏறிய உயரத்தில் ஒரு பகுதியை கைரிபாஸ் வரை இறங்கித் தீர்த்துவிட்டு, மறுபடி காலிபோக்ரிக்கு ஏற வேண்டும். மனசுக்குக் கொஞ்சம் சலிப்பாக இருக்கும். ஆனால் மூங்கிலும் ஓக் மரமும் பாசியும் அடர்ந்த அந்தக் காட்டு இறக்கம் நல்ல நிழல். காலிபோக்ரியில் கருநிறத் தண்ணீர் நிற்கும் சின்னக் குளம் ஒன்று. சுற்றிலும் மந்திரம் எழுதிய துணிக் கொடிகள். எந்தக் குளிரிலும் அது உறையாது என்பது ஊர்க்காரர்களின் நம்பிக்கை. அதில் கை கால் கழுவக் கூடாது.

மூன்றாம் நாள் தூரம் ஆறு கிலோமீட்டர்தான். ஆனால் பிகேபஞ்சனுக்குப் பிறகு வரும் கொண்டை ஊசி வளைவுகள்தான் முழுப் பாதையிலும் கடினமான பகுதி. நிதானமாக ஏறுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு சந்தக்ஃபூ போய்விடலாம். மானேபஞ்சனிலிருந்து இதுவரை சாலை வழியாக 31 கிலோமீட்டர்.

நான்காம் நாள் ஃபாலுட், 21 கிலோமீட்டர். என்னைக் கேட்டால் இந்தப் பாதையின் உயிர் இந்த ஒரு நாளில்தான் இருக்கிறது. பெரிய ஏற்றமோ இறக்கமோ கிடையாது. முகடு போகிற போக்கிலேயே நாமும் போகிறோம். வலப்பக்கம் கஞ்சன்ஜங்கா, இடப்பக்கம் எவரெஸ்ட் வரிசை. வழியில் பட்டுப்போய் வெள்ளையாக நிற்கும் தேவதாரு வகை மரங்கள், மேயும் யாக்குகள், அவற்றின் கழுத்து மணிச்சத்தம். சபர்குமில் உள்ள காவல் முகாமைத் தவிர இடையில் ஆள் நடமாட்டம் குறைவு. கடை இல்லை, அதனால் தண்ணீரும் மதியச் சாப்பாடும் காலையிலேயே கட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபாலுட்டில் மேற்கு வங்கம், சிக்கிம், நேபாளம் மூன்றும் சந்திக்கின்றன. கஞ்சன்ஜங்கா சந்தக்ஃபூவில் பார்த்ததைவிட இன்னும் கிட்டத்தில். ஐந்தாம் நாள் அங்கிருந்து 15 கிலோமீட்டர் காட்டுக்குள் இறங்கினால் கோர்க்கே. பைன் மரங்களுக்கு நடுவே ஓடை, மக்காச்சோளம் காயப்போட்ட மரவீடுகள். கால் வலிக்கு ஓய்வு எடுக்க அதைவிட நல்ல ஊர் இந்த வழியில் இல்லை. மறுநாள் சமந்தேன், ராம்மாம் வழியாக ஸ்ரீகோலா வந்தால் வண்டி கிடைக்கும்.

ஜீப்பில் போக முடியாதா?

முடியும். சந்தக்ஃபூ வரை ஜீப் ஓடுகிறது. பிரிட்டனில் செய்த பழைய லேண்ட் ரோவர் வண்டிகளைப் பல தலைமுறையாகப் பழுது பார்த்து இந்த மலையில் ஓட்டி வந்தவர்கள் மானேபஞ்சன்காரர்கள். அந்தத் திறமைக்கு ஒரு கும்பிடு போடலாம். இப்போது பொலேரோ வண்டிகளே அதிகம்.

வயதானவர்கள், முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் ஜீப்பில் போவதில் தவறே இல்லை. நடக்க முடிந்தவர்கள் தயவுசெய்து நடங்கள். காட்சிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சிலிகுரி கிட்டத்தட்ட சமவெளி. காலையில் அங்கே வண்டி ஏறி, சாயங்காலம் 3,636 மீட்டரில் இறங்கினால் உடம்பு அந்த உயரத்துக்குப் பழக நேரமே இருக்காது. அப்படி வந்தவர்கள்தான் பெரும்பாலும் இரவெல்லாம் தலைவலியோடு உட்கார்ந்திருந்து, விடிந்ததும் மலையைச் சரியாகப் பார்க்கக்கூட முடியாமல் கீழே இறங்குகிறார்கள். ஜீப்பில்தான் போக வேண்டும் என்றால் நடுவே தும்லிங்கில் ஓர் இரவு தங்குங்கள்.

நடப்பவர்களுக்கு ஒரு தகவல்: பாதையின் பல பகுதிகளில் வண்டிச் சாலையும் காலடிப் பாதையும் வேறு வேறு. காலடிப் பாதையிலேயே கூட்டிப் போகும்படி வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நேபாளத்துக்குள் போகிறோம் என்றால் பாஸ்போர்ட் வேண்டுமா?

இந்தியர்களுக்கு வேண்டாம். வாக்காளர் அட்டை போதும். எல்லை திறந்த எல்லை. தும்லிங், ஜவுபாரி போன்ற ஊர்கள் நேபாளத்தில்தான் இருக்கின்றன. பாதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறி மாறிப் போகும். பல இடங்களில் எல்லைக்கு அடையாளம் ஒரு கல்தூண் மட்டும்தான். வழியில் சசஸ்திர சீமா பல் என்ற இந்திய எல்லைப் படையின் காவலர்கள் நிறுத்திப் பெயர் எழுதிக்கொள்வார்கள். அசல் அட்டையோடு இரண்டு மூன்று நகல்களும் வைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் பாஸ்போர்ட்டையும் இந்திய விசாவையும் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. மலையில் கைப்பேசி சில இடங்களில் நேபாள சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். அப்போது கைப்பேசிக் கடிகாரம் தானாகக் கால் மணி நேரம் முன்னே போய்விடும், நேபாள நேரம் நம்முடையதைவிட 15 நிமிடம் முன்னால். அதனால் சூரிய உதயத்துக்கு அலாரம் வைப்பவர்கள் தானியங்கி நேரத்தை நிறுத்தி வையுங்கள். ரோமிங்கையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஊருக்கு வந்தபின் பில்லைப் பார்த்து வருத்தப்படுவீர்கள்.

வழிகாட்டி கட்டாயமா?

ஆம். பாதையின் பெரும்பகுதி சிங்கலிலா தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. அங்கே வழிகாட்டி இல்லாமல் நடக்க விடமாட்டார்கள். மானேபஞ்சனில் இறங்கியதும் வழிகாட்டிகள் சங்கத்திலேயே பதிவு செய்து கூட்டிக்கொள்ளலாம். பெரும்பாலும் அந்த ஊர்ப் பிள்ளைகள். நேபாளிதான் தாய்மொழி, ஹிந்தி நன்றாகப் பேசுவார்கள், ஓரளவு ஆங்கிலமும் வரும்.

கட்டாயம் என்பதற்காக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் பாதை தெரியாது. எந்த வீட்டில் இடம் இருக்கிறது, எந்த ஊற்றில் தண்ணீர் ஓடுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். மழைக்காலத்தில் பூங்காவை மூடிவிட்டால் அவர்களுக்கு இந்த வருமானம் இல்லை.

எப்போது போவது நல்லது?

மலை தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் முதல் வாரம் வரை. மழை தூசியைக் கழுவிவிட்டிருக்கும், வானம் துல்லியமாக இருக்கும்.

பூ பார்க்க வேண்டும் என்றால் ஏப்ரல், மே தொடக்கம். ரோடோடெண்ட்ரான் மரங்கள் மலைச்சரிவு முழுக்கச் சிவப்பும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்து நிற்கும். ஊட்டிச் சோலைகளில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இந்தக் குடும்பம்தான். ஆனால் அந்த மாதங்களில் பகலில் மேகம் சீக்கிரம் ஏறிவிடும்.

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை கடுங்குளிர், பனிப்பொழிவும் உண்டு. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை பூங்கா மூடியிருக்கும்.

எந்த மாதமானாலும் மலை தெரிவது விடியற்காலையில்தான். பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழும்ப ஆரம்பித்துவிடும். இருட்டோடு எழுந்து வெளியே வாருங்கள். வெயில் முதலில் கஞ்சன்ஜங்காவின் நெற்றியைத் தொடும். அந்த இளஞ்சிவப்பு கீழே இறங்கிப் பரவுவதையே பார்த்துக்கொண்டு நிற்காமல், இடப்பக்கமும் ஒரு கண் வையுங்கள். சில நிமிடங்களில் எவரெஸ்டின் முக்கோணமும் பற்றிக்கொள்ளும்.

உயர நோய் வருமா?

2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் வரலாம். இளைஞர், உடற்பயிற்சி செய்பவர் என்ற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது. மேலே சொன்ன வேகத்தில் நடந்து போனால் பெரும்பாலானவர்களுக்கு லேசான தலைவலியோடு முடிந்துவிடும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மதுவும் சிகரெட்டும் வேண்டாம்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை இருந்தால் அதற்கு மேல் ஏறாமல் அங்கேயே ஓய்வு எடுங்கள். நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல் — இவற்றில் எது வந்தாலும் இரவு பகல் பார்க்காமல் உடனே கீழே இறக்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடக் கூடாது. கூட வந்தவர்கள் கோபித்துக்கொள்வார்களே என்று தலைவலியை மறைப்பதும் கூடாது. அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்டு மட்டும் எடுங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இதயநோய், ஆஸ்துமா, கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

எப்படித் தயாராவது?

வெள்ளியங்கிரி ஏழு மலையையும் ஏறி, இறங்கி, மறுநாள் வேலைக்குப் போக முடிந்தவர் என்றால் கவலை வேண்டாம். மற்றவர்கள் இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். தினமும் ஒரு மணி நேரம் வேகநடை, வாரத்தில் சில நாள் மாடிப்படி. பக்கத்தில் பர்வதமலையோ கொல்லிமலையோ இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் பையைச் சுமந்தே ஏறிப் பாருங்கள். இறங்கவும் பழகுங்கள், ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும்.

என்ன உடை, என்ன சாமான்?

ஒரே ஒரு தடிமனான ஸ்வெட்டரை நம்பிப் போகாதீர்கள். சூடு தங்கும் உள்ளாடை, மேலே ஃப்ளீஸ், அதற்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்ள வேண்டும். ஏறும்போது கழற்றலாம், நின்றதும் போட்டுக்கொள்ளலாம். பருத்தி பனியன் வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டால் காற்று வீசும்போது நடுக்கம் எடுக்கும். நம் ஊர்க்காரர்கள் அங்கே சளி பிடித்துக் கஷ்டப்படுவதற்கு இதுதான் பாதிக் காரணம். காதை மூடும் குல்லா, கையுறை, கம்பளிச் சாக்ஸ், டார்ச், ஊன்றுகோல், வெயில் கண்ணாடி இவையும் வேண்டும். ஷூவை ஒரு மாதமாவது போட்டு நடந்து பழக்கியிருக்க வேண்டும்.

மலையில் ஏடிஎம் கிடையாது. ரொக்கமாக எடுத்துப் போங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், பவர் பேங்கை இரவில் கம்பளிக்குள் வைத்துத் தூங்குங்கள்.

சாப்பாடு, தங்குமிடம்?

கூடாரம் தேவையில்லை. தங்கும் ஊர்களில் வீட்டு விடுதியோ அரசு விடுதியோ உண்டு. சீசனில் முன்பதிவு செய்துவிடுங்கள். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, கீரை, முட்டை எங்கும் கிடைக்கும், சைவக்காரர்களுக்கும் கஷ்டம் இல்லை. துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பும் மோமோவும் உண்டு. யாக் பாலில் செய்த சுர்ப்பி என்ற கெட்டிப் பாலாடைக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு நடக்கலாம், அரை மணி நேரம் கரையாது.

சந்தக்ஃபூவில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு. குளிர்காலத்தில் குழாயே உறைந்துவிடும். வெந்நீர் வாளிக் கணக்கில் காசுக்குத்தான், அதைக் கொண்டுவருவது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தால் கேட்க மனம் வராது. குளிக்காமல் இரண்டு நாள் இருப்பதில் ஒன்றும் ஆகாது. பிளாஸ்டிக் உறைகளையும் புட்டிகளையும் அங்கே போடாமல் கீழே எடுத்து வாருங்கள். குப்பையை அள்ள மேலே யாரும் இல்லை.

புத்த மந்திரம் செதுக்கிய 'மணி' கற்களை அடுக்கிய சுவர்கள் வந்தால் அவை உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி கடந்து போங்கள். ஊர் வழக்கம் அது.

சிவப்புப் பாண்டாவைப் பார்க்க முடியுமா?

பார்ப்பது அபூர்வம். அது மூங்கிலும் பாசியும் உள்ள காட்டில் மரத்தின் மேல் சுருண்டு கிடக்கும் பிராணி. டார்ஜிலிங் உயிரியல் பூங்காவில் வளர்ந்த இரண்டு பெண் பாண்டாக்களை 2003இல் இந்தக் காட்டில் விட்டார்கள். கைரிபாஸ் பக்கம் சத்தமில்லாமல் நடந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும். ஒலிபெருக்கியில் பாட்டு வைத்துக்கொண்டு நடப்பவர்களுக்குக் காக்கைகூடத் தெரியாது.

கஞ்சன்ஜங்காவில் ஏறுகிறார்களா?

ஏறுகிறார்கள், நேபாளப் பக்கமாக. சிக்கிம் மக்களுக்கு அது தெய்வம், அந்தப் பக்கத்திலிருந்து ஏற இப்போது அனுமதி இல்லை. 1955 மே 25 அன்று முதன்முதலில் ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும், சிக்கிம் அரசருக்குக் கொடுத்த வாக்குப்படி உச்சியை மிதிக்காமல் சில அடி கீழேயே நின்று திரும்பினார்கள். பின்னால் வந்த பலரும் அதையே பின்பற்றினார்கள். மலையேற்ற வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

தமிழ்நாட்டிலிருந்து எப்படிப் போவது?

ரயிலில் என்றால் நியூ ஜல்பாய்குரி நிலையம். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை, ஈரோடு, சேலம், காட்பாடி வழியாக அங்கே போகிறது. விமானம் என்றால் பாக்டோக்ரா. இரண்டிலிருந்தும் மிரிக், சுகியாபோக்ரி வழியாக மானேபஞ்சனுக்கு வாடகைக் கார் கிடைக்கும். செலவைக் குறைக்க நினைத்தால் சிலிகுரியில் டார்ஜிலிங் ஷேர் ஜீப்பில் ஏறி கூமில் இறங்கி, அங்கிருந்து சுகியாபோக்ரி போய் வண்டி மாறுங்கள். மதியத்துக்குள் கிளம்பிவிடுவது நல்லது.

எனக்கு நாலைந்து நாள்தான் லீவு. என்ன செய்யலாம்?

ஃபாலுட்டை விட்டுவிடுங்கள். முதல் மூன்று நாளும் மேலே சொன்னபடியே நடந்து சந்தக்ஃபூ போங்கள். நான்காம் நாள் குர்தும் வழியாக ஸ்ரீகோலாவுக்கு நேராக இறங்கலாம். ஒரே நாளில் 1,500 மீட்டருக்கும் மேல் இறக்கம், அதனால் காலையில் சிகரங்களைப் பார்த்த கையோடு புறப்பட்டுவிட வேண்டும். ஐந்தாம் நாள் ஸ்ரீகோலாவிலிருந்து ரிம்பிக் வழியாக வண்டியில் சிலிகுரி. மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் தும்லிங் வரை மட்டும் நடந்து, அங்கேயே இரண்டு இரவு தங்குங்கள். உறங்கும் புத்தர் அங்கிருந்தே முழுசாகத் தெரிவார். எவரெஸ்ட் வரிசைக்கு டோங்லு மேட்டில் விடியலில் ஏறிப் பார்க்கலாம், வானம் தெளிந்திருந்தால் அதுவும் கிடைக்கும்.